வெளுக்கும் முகமும் வீங்கும் கால்களும்

கேள்வி: திருமணம் நிச்சயமான என் மகள், இரவுச் சந்தையில் வாங்கிய முகப்பூச்சை இரண்டு மாதங்களாகப் பூசி வருகிறாள். பத்தே நாளில் முகம் வெளுத்தது. இப்போது காலையில் இமைகளும் கணுக்கால்களும் வீங்குகின்றன. பூச்சுதான் காரணமா?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, அப்படித்தான் இருக்குமோ என்று அஞ்சுகிறேன். விரைவில் வெளுக்கச் செய்யும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதோடு, தோல் வழியே உடலுக்குள் புகுந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகளைச் சிதைப்பதால், இரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறி, சிறுநீர் நுரைப்பதும் உடல் வீங்குவதும் ஏற்படுகின்றன.

பூச்சை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதை இறுக மூடிய பையில் எடுத்துக்கொண்டு, தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று, சிறுநீரில் புரதமும் பாதரசமும் உள்ளனவா என்று சோதிக்கக் கேளுங்கள். அவள் பயன்படுத்தும் துண்டு வழியாகவும் பாதரசம் பிறருக்குப் பரவக்கூடும் என்பதால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதையும் மறக்காமல் கூறுங்கள்.

மலேசியாவில் விற்கப்படும் ஒப்பனைப் பொருளுக்கு 'NOT' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண், அதாவது சுகாதார அமைச்சிடம் பதிந்ததற்கான எண், இருக்க வேண்டும். எனினும் எண் பெற்ற பின்னர் பாதரசம் கண்டறியப்பட்டு ரத்தான பொருள்களும் உண்டு. வெளுப்பதற்காகப் போடப்படும் குளூட்டாதையோன் ஊசிக்கும் இங்கு அங்கீகாரம் இல்லை.

நிறத்தைக் குறித்து உறவினர் யாரோ சொன்ன ஒரு சொல்லே அவளை இதன்பால் தள்ளியிருக்கலாம் என்பது என்னை வருத்துகிறது. அவளைக் கடிந்துகொள்ளாமல், கிளினிக்குக்கு நீங்களே உடன் செல்லுங்கள்.