வண்டிப் பித்தும் வயிற்றுப்பாடும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 26. சின்ன வயதிலிருந்தே கார் பைத்தியம். சொந்தமாகக் கார் கிடையாது. கோவையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள், அதைப் பார்க்கப் போவேன். அங்கே வருபவர்களில் ஒருவர் கண் மருத்துவர், ஒருவர் மில் முதலாளி, ஒருவர் விமானி, ஒருவர் வக்கீல், ஐ.டி. ஆட்களும் உண்டு. கூடவே மெக்கானிக்குகளும் வருவார்கள். யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'அக்கவுன்ட்ஸ்' என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் வேலைக்கும் காருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலையை விட்டுவிட்டு ஒரு ஷோரூமிலோ கார் கம்பெனியிலோ சேர்ந்துவிடலாமா? காரை நேசிக்கிறவன் காரோடுதானே வாழ வேண்டும்? இன்னொன்று: பழைய மாருதி 800 ஒன்று வாங்கலாமா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு பழைய கையேடு கிடந்தது. என் பெரியப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருடையது. அவர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடைத்தது, சில நாட்களாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். வரிசையில் காத்திருக்கும் கடிதங்களைத் தாண்டி உங்களுக்கு முதலில் எழுதுவது அதனால்தான்.

கூச்சத்தை ஓரமாக வைத்துவிடலாம். 1983 டிசம்பரில் இந்திரா காந்தியின் கையால் முதல் மாருதி 800-இன் சாவியை வாங்கிய ஹர்பால் சிங் இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். 2010-இல் இறக்கும்வரை அந்த வண்டியை அவர் விற்கவில்லை. 1955-இல் சிசிலித் தீவின் சைரக்யூஸில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் டோனி புரூக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் மசராட்டி கார்களை முந்தி வென்றார். அவர் அப்போது பல் மருத்துவ மாணவர். அதற்குமுன் ஃபார்முலா ஒன் காரை ஓட்டியதே இல்லை. விமானத்தில் போகும்போதுகூடத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு போனார். 1959-இல் உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். சிட் வாட்கின்ஸ் லண்டனில் மூளை நரம்பு அறுவை மருத்துவர். 1978-இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களின் மருத்துவப் பொறுப்பை ஏற்ற பிறகும் மருத்துவமனை வேலையை அவர் விட்டுவிடவில்லை. பிழைப்புக்கு ஒன்று, மனசுக்கு ஒன்று என்று இருப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஷோரூம் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே மாதாமாதம் விற்பனை இலக்கு துரத்தும். ஒரு வண்டியின் பானெட்டைத் திறந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது.

ஆனால் தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. கண் மருத்துவர், விமானி, வக்கீல் என்று ஆள் ஆளாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், 'கூடவே மெக்கானிக்குகளும் வருவார்கள்' என்று முடித்துவிட்டீர்கள். அதென்ன 'கூடவே'? காரோடு வாழ வேண்டும் என்று ஏங்குகிறீர்கள். காரோடு வாழ்கிறவர்கள் உங்களுக்குப் பத்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது பேசியிருக்கிறீர்களா? ஒருவர் பெயராவது தெரியுமா? விமானி எந்த வண்டியில் வருகிறார் என்று உங்களால் சொல்ல முடியும். அந்த வண்டிக்கு டிங்கர் வேலை பார்த்தது யார் என்று சொல்ல முடியுமா?

என் பெரியப்பா அரசுப் பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர். சீட்டு எடுத்த பணத்தில் மூன்றாம் கையாக அந்த ஹெரால்டை வாங்கினார். சென்னையில் தயாரான வண்டிதான் என்றாலும், 1980-களில் அந்தக் கம்பெனியே நொடித்துப்போய் உதிரிபாகம் அரிதாகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது அன்றைக்கு ஒரு பள்ளி ஆசிரியரால் ஆகிற காரியமா?

ஹெரால்டின் முன் சக்கரங்களுக்கு உள்பக்கம் கீழே ட்ரன்னியன் என்று ஒரு வெண்கலத் துண்டு இருக்கும். செங்குத்தான ஒரு தண்டின் மரை அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்கு 90 நம்பர் கியர் ஆயில் விட வேண்டும் என்பது கம்பெனியின் கட்டளை. சர்வீஸுக்கு விட்டால் மற்ற வண்டிகளுக்குச் செய்கிற பழக்கத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. தண்ணீர் இறங்கித் துரு ஏறும். ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிக்கொள்ளும். பெரியப்பாவுக்கு அவிநாசி சாலையில் அப்படித்தான் மடங்கியது. நல்லவேளை, வண்டி மெதுவாக வந்துகொண்டிருந்தது.

ஒடிந்த தண்டுக்கு மாற்று கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. தேய்ந்துபோன ட்ரன்னியனுக்கு எங்கேயும் மாற்று இல்லை. ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துக்காரரிடம் போனார். பகலெல்லாம் பம்ப்செட் ஷாஃப்ட்டும் மில் இயந்திர பாகங்களும் கடைகிறவர். அவர் தேய்ந்த துண்டைக் கையில் வாங்கி, உள் மரையை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் விடுங்க வாத்தியாரே" என்றார். ஷிஃப்ட் முடிந்த பிறகு இரவில் உட்கார்ந்து கன்மெட்டல் என்கிற வெண்கலக் கலவையில் கடைந்தார். முதலில் செய்ததில் மரை கொஞ்சம் ஆடியது. "இதே போதும்ணே" என்று பெரியப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அதை உருக்கப் போட்டுவிட்டு வேறொன்று கடைந்தார். உலோகத்தின் விலைக்கு மேல் ஏதோ கொஞ்சம்தான் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அந்த வண்டிக்கு என்ன வந்தாலும் அவர்தான். ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். அதைத் தூக்கி வைத்துவிட்டு முன் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார், இன்ஜின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கடைசிவரை சைக்கிளில்தான் வந்து போனார். நான் புரட்டிக்கொண்டிருக்கிற கையேட்டின் ஓரங்களில் பென்சிலில் இருக்கும் அளவுகளெல்லாம் அவர் குறித்தவை.

ஊரில் என் பெரியப்பாவைத்தான் 'கார் பைத்தியம்' என்றார்கள். லேத்துக்காரரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அவருக்கு அது தொழிலாம். இந்தக் கணக்கை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சரியில்லாத துண்டை உருக்கிவிட்டு மறுபடி கடைவதற்கு எந்த முதலாளி அவருக்குச் சம்பளம் கொடுத்தார்?

கோவையில் கரிவரதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கினார். 2005-இல் ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் முதலில் அந்த வகைக் காரில் பந்தயம் ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-இல் ஒரு வான்விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் பந்தயத் தளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். முழுக்கத் தகுந்த மரியாதை. ஆனால் அந்தக் கார்களின் குழாய்ச் சட்டத்துக்கு வெல்டிங் வைத்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? நீங்கள் போகிற கூட்டத்தில் நிற்கும் வண்டிகளையும் பாருங்கள். மரச் சுத்தியலால் தட்டித் தட்டித் தகட்டை வளைத்த டிங்கர், பட்டி பார்த்துத் தேய்த்த பெயின்டர், பழைய தையல் கோட்டை மாற்றாமல் சீட் தைத்த குஷன்காரர் என்று ஒரு வண்டிக்குள் எத்தனை பேர்!

கண் மருத்துவரின் பிரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பணம் போடாவிட்டால் அந்த வண்டி என்றோ பழைய இரும்பாகியிருக்கும். ஆனால் வாரம் முழுக்க அடுத்தவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவர், ஞாயிற்றுக்கிழமையும் கூலியில்லாமல் வண்டி பார்க்க வந்து நிற்கிறாரே, அந்தப் பித்தை எதில் சேர்ப்பீர்கள்?

உங்கள் வேலைக்கும் காருக்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருப்பதும் தப்பு. எந்த பேரிங் எந்த வண்டிக்கு ஒக்கும், எந்த ஆயில் சீலை பம்ப்செட் கடையில் வாங்கி மாட்டலாம் என்பதெல்லாம் இந்த ஆட்களின் தலையில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. எங்கள் லேத்துக்காரர் நோட்டு நோட்டாக எழுதி வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு வீட்டில் அதையெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்கள். அந்தக் கையேட்டின் ஓரங்களில் தப்பியதுதான் மிச்சம். நீங்கள் கணக்கர். வரிசை பிசகாமல், தேதி போட்டு, ஒன்றைச் சரிபார்த்த பிறகே அடுத்ததை எழுதத் தெரிந்தவர். விமானியாலும் வக்கீலாலும் ஆகாதது உங்களால் ஆகும். ஒரு நோட்டோடு போய் மெக்கானிக்குகள் பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பெயரிலேயே எழுதுங்கள்.

வேலையை விட வேண்டாம். மாருதி 800 வாங்குங்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர், தமிழ்நாட்டில் அதில் கைவைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் பாகங்கள் கிடைக்கின்றன. தினமும் ஓட்டுவதற்கென்றால் மின்னணு முறையில் பெட்ரோலைச் செலுத்தும் எம்.பி.எஃப்.ஐ. வண்டி, கையை அழுக்காக்கிக் கற்றுக்கொள்ள ஆசையென்றால் அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி. பெயின்டின் பளபளப்பில் மயங்காமல் உள்ளே மேட்டைத் தூக்கித் தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். 15 வருடம் தாண்டியிருந்தால் ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும், அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பாக்கி எவ்வளவு நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்கப் போகும்போது அந்தக் கூட்டத்து மெக்கானிக் ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவருடைய அன்றைய கூலியை அவர் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.