அதே நீதிமன்றத்திடம் மறுஆய்வு கேட்கலாமா?

கேள்வி: இரண்டு மனைகளுக்கு உரிமை கோரி வழக்குப் போட்டோம். முன்சீப் கோர்ட்டில் ஒன்று கிடைத்தது, மற்றது தள்ளுபடி. சார்பு நீதிமன்றமும் அதையே உறுதி செய்து 40 நாள் ஆகிறது. எங்கள் சாட்சியை நீதிபதி நம்பவில்லை. 1968-ஆம் வருடக் கிரயப் பத்திரம் ஒன்று இப்போதுதான் கிடைத்தது. தீர்ப்பாணையில் சர்வே உட்பிரிவு 3அ என்பது 3ஆ என்று அச்சாகியிருக்கிறது. மறுஆய்வு மனு போட்டால் எல்லாம் சரியாகுமா?

பதில்: ஆகாது. மூன்று குறைகளுக்கும் வழி வேறு வேறு.

சாட்சியை நம்பாதது மறுஆய்வுக்குள் வராது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 47, விதி 1-இன்படி தப்பு வழக்குப் பதிவுகளைப் பார்த்ததுமே தெரிய வேண்டும். வா.சா.ஆ.5 (வாதி தரப்புச் சான்றாவணம் 5) கோர்ட்டில் குறியீடு செய்யப்பட்டிருக்க, தீர்ப்பில் 'வாதி தரப்பில் ஆவணமே இல்லை' என்றிருந்தால் அது அப்படிப்பட்ட தப்பு. நீண்ட வாதத்தால்தான் காட்ட முடியும் என்றால், அது மேல்முறையீட்டுக்கான விஷயம். பார்சியன் தேவி வழக்கில் (1997) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தீர்ப்புக்குப் பிறகு வேறொரு வழக்கில் மேல் நீதிமன்றம் சட்டத்தை மாற்றிச் சொன்னாலும் மறுஆய்வுக்கு அது காரணமாகாது.

புது ஆவணத்துக்கு மறுஆய்வில் இடம் உண்டு. ஆனால் உரிய முயற்சி எடுத்தும் அது முன்பு உங்களுக்குத் தெரியவில்லை, அல்லது தாக்கல் செய்ய முடியவில்லை என்று கறாராக நிரூபிக்க வேண்டும். உங்களுடையது பதிவான பத்திரம். 'அந்தக் காலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?' என்பதுதான் நீதிபதியின் முதல் கேள்வியாக இருக்கும். அதற்குப் பதில் இல்லாவிட்டால் மனு அங்கேயே விழும்.

இதற்கிடையில் காலக்கெடுவும் இருக்கிறது. மறுஆய்வுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். நகல் பெற ஆன நாட்களை இரண்டிலும் கழித்துக்கொள்ளலாம்; நகல் மனுவே போடாதவருக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அதனால் நகல் மனுவை இன்றே போடுங்கள். மறுஆய்வு மனுவைத் தாமத மன்னிப்பு மனுவோடு தாக்கல் செய்ய முடியும். ஆனால் அது தள்ளுபடியானால் அந்த உத்தரவின்மேல் மேல்முறையீடு கிடையாது (விதி 7), இரண்டாவது மறுஆய்வும் கிடையாது (விதி 9). மூலத் தீர்ப்பாணைமீதுதான் மேலே போக வேண்டும். அதற்கான 90 நாளோ மறுஆய்வு நடந்தபோதெல்லாம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

உங்கள் இடத்தில் நேராக இரண்டாம் மேல்முறையீடு போவதே மேல். அங்கேயும் சாட்சியை மறுபடி எடைபோட மாட்டார்கள்; பிரிவு 100-இன்கீழ் முக்கியமான சட்டப் பிரச்சினை ஒன்றைக் காட்டியாக வேண்டும். கீழ்க் கோர்ட்டு ஒரு முக்கிய ஆவணத்தைப் பார்க்காமலே விட்டிருந்தால் அதை எழுப்பலாம். 1968 பத்திரத்தைக் கட்டளை 41, விதி 27-இன்கீழ் கூடுதல் சான்றாக ஏற்கும்படி தனி மனு போடுங்கள். வில்லங்கக் கேள்வி அங்கேயும் வரும். ஆனால் தீர்ப்புச் சொல்ல அந்த ஆவணம் தேவை என்று நீதிமன்றமே கருதினால் ஏற்க வழியுண்டு.

உட்பிரிவு எழுத்துப் பிழைக்கு மறுஆய்வே தேவையில்லை. பிரிவு 152-இன்கீழ் திருத்த மனு போதும், கால வரம்பும் இல்லை. முதலில் பிராதை (நீங்கள் வழக்குத் தொடுத்த மனுவை) எடுத்துச் சொத்து விவரத்தைப் பாருங்கள். அதில் 3அ என்றே இருந்தால் வேலை சுலபம். பிராதிலேயே 3ஆ என்றிருந்தால் அதையும் சேர்த்துத் திருத்தக் கேட்க வேண்டும். எதிர்தரப்பு சும்மா இருக்காது. பட்டா, புலப்பட (நில அளவை வரைபட) நகல் இரண்டையும் மனுவோடு இணையுங்கள்.