லிமோ எடுக்கப் போகிறீர்களா? முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: மகளுக்குப் பள்ளி இறுதி ஆண்டு. ஜூனில் பிராம், அதாவது பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் நடன விருந்து. தோழிகள் 12 பேர் சேர்ந்து ஒரு லிமோ, அதாவது விசேஷங்களுக்கு வாடகைக்கு வரும் நீளமான சொகுசு கார், எடுக்க வேண்டுமாம். படத்தில் வண்டி பளபளவென்று இருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகிறது. "எங்கள் வண்டி எல்லாம் இன்ஸ்பெக்ஷன் முடிந்தது மேடம்" என்கிறார் கம்பெனிக்காரர். நம்பி அட்வான்ஸ் கட்டலாமா?
– ஒரு தாய், லாங் ஐலண்ட், நியூயார்க்

பதில்: அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கட்டாதீர்கள். லிமோ விஷயத்தில் கம்பெனியின் பெயரைவிட, அன்று வாசலுக்கு வரப்போகும் வண்டி எது என்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் இந்த வண்டிகள் பெரும்பாலும் இவ்வளவு நீளமாகத் தொழிற்சாலையை விட்டு வருவதில்லை. லிங்கன் டவுன் கார், ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் மாதிரி ஒரு வண்டியை எடுத்து நடுவில் அறுக்கிறார்கள். இடையில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, பிரேக் குழாயையும் பின் சக்கரத்துக்குப் போகும் தண்டையும் நீட்டி, உள்ளே சோபாவும் கலர் விளக்கும் போடுகிறார்கள். கார் கம்பெனி மோதிப் பார்த்துச் சோதித்ததெல்லாம் அறுப்பதற்கு முன்பு இருந்த வண்டியை. எடையும் ஆட்களும் கூடிவிட்ட வண்டியை அந்த பிரேக் தாங்குமா என்பது நீட்டியவரின் வேலைத்திறனைப் பொறுத்தது. இதற்காகவே ஃபோர்டு நிறுவனம் கியூ.வி.எம். என்று ஓர் அங்கீகாரத் திட்டம் வைத்து, எவ்வளவு நீட்டலாம், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று வரம்பு கட்டியது. அந்தத் திட்டத்துக்கு வெளியே நீட்டியவர்களும் உண்டு.

எனவே வண்டியை நேரில் போய்ப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் கார் கம்பெனியின் லேபிள் ஒட்டியிருக்கும். முதல் விற்பனைக்கு முன்பே நீட்டிய வண்டியாக இருந்தால், நீட்டிய பட்டறையின் பெயரும் மாதமும் வருடமும் போட்டு, பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் இரண்டாவது லேபிளும் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதா? "நீட்டியது யார்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் உள்ளே ஏறி உட்காருங்கள். சுவரோரம் பக்கவாட்டில் போட்ட நீள சோபாவில், மெத்தை இடுக்குக்குள் கையை விடுங்கள். சீட் பெல்ட் அங்கேதான் புதைந்து கிடக்கும். ஒவ்வொன்றாக வெளியே இழுத்து 'கிளிக்' என்று மாட்டிப் பாருங்கள். 12 பேருக்கு 12 பெல்ட் இருக்க வேண்டும். நியூயார்க்கில் 2023 ஜனவரி 1 முதல் பழைய லிமோக்களுக்கும் இது சட்டம். 'ஒருத்தர்தானே, நெருக்கி உட்காரலாம்' என்ற பேச்சே கூடாது.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று தோன்றலாம். உங்கள் மாநிலத்திலேயே, 2018 அக்டோபர் 6 அன்று ஸ்கோஹாரியில் நீட்டப்பட்ட 2001 மாடல் எக்ஸ்கர்ஷன் ஒன்று பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் ஓடி, நிறுத்தப் பலகையைத் தாண்டிப் போய் மோதியது. பிறந்தநாள் கொண்டாடக் கிளம்பிய 17 பேர், ஓட்டுநர், கடை வாசலில் நின்ற 2 பேர் என 20 உயிர்கள் போயின. அதற்கு முந்தைய மாதம்தான் அதிகாரிகள் அந்த வண்டியைச் சோதித்து, ஓட்டக் கூடாது என்று நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு பேரை ஏற்றும் வண்டிக்குத் தேவையான லைசென்ஸும் அந்த ஓட்டுநரிடம் இல்லை. வாடகைக்கு எடுத்தவர்கள் இதையெல்லாம் எப்படி அறிவார்கள்?

நீங்கள் அறிய ஒரு வழி இருக்கிறது. கம்பெனியின் யு.எஸ்.டாட் எண்ணை (மத்தியப் போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்) கேட்டு வாங்கி, மத்திய அரசின் 'சேஃபர்' இணையதளத்தில் போடுங்கள். இலவசம்தான். எத்தனை சோதனை நடந்தது, அதில் எத்தனை வண்டிகளை ஓடக் கூடாது என்று நிறுத்தினார்கள், நாட்டுச் சராசரி என்ன என்று பக்கத்திலேயே காட்டும். எண்ணைத் தரத் தயங்குகிற கம்பெனி வேண்டவே வேண்டாம். ஒப்பந்தத்தில் வண்டியின் பதிவு எண்ணை எழுதச் சொல்லுங்கள், 'வேறு வண்டி அனுப்பினால் முழுப் பணமும் திரும்ப' என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் 'அதே மாதிரி வேற வண்டி' வந்து நின்றால், நீங்கள் பார்த்த பார்வையெல்லாம் வீண்.

என்னைக் கேட்டால், தொழிற்சாலையிலிருந்து அப்படியே வரும் பெரிய வேன், மினி பஸ், இல்லையென்றால் இரண்டு எஸ்.யு.வி. போதும். 'லிமோ மாதிரி வருமா' என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேள்வி: தம்பி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு 18 பேர் போகும் லிமோ பேசியிருக்கிறோம். நியூஜெர்சியில் ஏறி பென்சில்வேனியாவில் இறங்க வேண்டும். 15 லட்சம் டாலர் இன்சூரன்ஸ் இருப்பதாகச் சான்றிதழ் காட்டினார்கள். போதுமா?
– ஒரு வாசகர், எடிசன்

பதில்: போதாது. மாநிலம் தாண்டி வாடகைக்கு ஓடும் வண்டியில் ஓட்டுநரையும் சேர்த்து 15 இருக்கை வரை என்றால்தான் 15 லட்சம் டாலர். 16 அல்லது அதற்கு மேல் போனால் 50 லட்சம் டாலர் வேண்டும் என்பது மத்திய விதி. 18 பேரை ஏற்றிக்கொண்டு சின்ன வண்டிக்கான சான்றிதழைக் காட்டுகிறார்கள் என்றால், மற்ற காகிதங்களும் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஓட்டுநரிடம் பயணிகளை ஏற்றுவதற்கான 'பி' அனுமதியோடு கூடிய வணிக லைசென்ஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, எத்தனை கதவு என்று பாருங்கள். 2013 மே மாதம் கலிஃபோர்னியாவில் சான் மாட்டியோ பாலத்தின் மேல் ஒரு லிமோ தீப்பிடித்து, மணப்பெண் உட்பட 5 பெண்கள் இறந்தார்கள். 8 பேருக்கு அனுமதி பெற்ற வண்டியில் 9 பேர் இருந்தார்கள். தப்பியவர்கள் ஓட்டுநருக்கும் பயணிகளுக்கும் நடுவே உள்ள சின்னத் திறப்பு வழியாக நுழைந்து வெளியே வந்தவர்கள். அதன் பிறகுதான் அவசர வெளிவழி பற்றி அந்த மாநிலம் சட்டம் போட்டது. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

கேள்வி: அதே லிமோவில் 2 வயதுக் குழந்தையின் கார் சீட்டை மாட்ட முடியுமா?
– அதே வாசகர்

பதில்: பக்கவாட்டு இருக்கையில் மாட்டவே கூடாது. கார் சீட்டோடு வரும் கையேட்டிலேயே இது இருக்கும். பெரியவர் மடியில் வைத்துக்கொள்வதும் வழியல்ல. குழந்தையையும் அம்மாவையும் உங்கள் சொந்தக் காரிலேயே பின்னால் வரச் சொல்லுங்கள்.