'எத்தனை டிகிரி?' என்கிறார் கணவர்

மேடம், கல்யாணமாகி 9 வருடம். கணவருக்கு ஆட்டிசம் என்று போன வருடம்தான், அவருடைய 38 வயதில், உறுதியானது. எனக்குக் காய்ச்சல் என்றால் "எத்தனை டிகிரி?" என்பார், நெற்றியைத் தொட்டுப் பார்க்கமாட்டார். ஆபீஸிலிருந்து வந்ததும் அடுப்படியில் நின்றபடி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பால்கனிக்குப் போய்விடுவார். அக்கா வீட்டு விசேஷத்தில் அரை மணி நேரம்கூட உட்காரவில்லை. மார்ச்சில் மார்பில் கட்டி என்று அவரிடம் சொல்லாமல் தனியாகவே போய் பயாப்ஸி எடுத்து வந்தேன், பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது, அது போகட்டும். கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்கிறார். காய்ச்சலுக்கு டிகிரி கேட்கிற மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

சகோதரி, விசேஷமும் கல்யாண நாளும் இருக்கட்டும். "அது போகட்டும்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். ரிப்போர்ட் வரும்வரை ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் வாய் திறக்கவில்லை. "எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டுவிட்டால் உடைந்துபோவோமே என்ற பயம்தானே? பயம் நியாயம். ஆனால் பரீட்சையே வைக்காமல் ஃபெயில் போட்டுவிட்டீர்கள்.

100-ஆ, 103-ஆ என்று தெரிந்தால்தான் மாத்திரை போதுமா, டாக்டரிடம் போக வேண்டுமா என்று அவர் யோசிக்க முடியும். அவர் பாஷையில் அதுதான் அக்கறை. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்கள் உணர்ச்சிக்கே பெயர் சொல்லத் தடுமாற்றம் உண்டு. உணர்ச்சி இல்லாமல் இல்லை. 2012-ல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் (அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான்) எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. குக்கர் விசில், மிக்ஸி, உங்கள் குரல் எல்லாம் அவர் காதில் ஒரே அளவு சத்தமாக விழுந்திருக்கலாம். அவர் ஓடியது சத்தத்தை விட்டு. உங்களை விட்டு என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வந்ததும் அரை மணி நேரம் விடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விஷயம் பேசுங்கள்.

"என்னைப் புரிஞ்சுக்கோங்க" என்றால் அவருக்கு எதுவும் விளங்காது. "நாளைக்கு 11 மணிக்கு ஸ்கேன். லீவு போட்டுட்டு வாங்க. பேச வேண்டாம், கையைப் பிடிச்சுக்கிட்டு உட்காருங்க" என்றால் விளங்கும். கேட்டு வாங்கினால் அது அன்பா என்பீர்கள். என்ன வேண்டும் என்று அவர் உங்களைக் கேட்டதையும் குறையாகத்தானே எழுதியிருக்கிறீர்கள்? இவ்வளவு தெளிவாகக் கேட்டும் வர மறுத்தால், அதை ஆட்டிசத்தின் கணக்கில் எழுத முடியாது. அப்போது இருவருமாக என்னைப் பார்க்க வாருங்கள்.

மார்ச்சில் நடந்ததை இந்த வாரமே சொல்லுங்கள், நேரில் வார்த்தை வராவிட்டால் வாட்ஸ்அப்பில். முதல் கேள்வி கட்டியின் அளவாகத்தான் இருக்கும். பதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வரும்வரை எழுந்து போகாதீர்கள்.