பிடிக்காத முத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

என் மகளுக்கு நாலரை வயது. எல்கேஜியில் 'குட் டச், பேட் டச்' சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் முத்தம் கேட்டதும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். "பெரியவங்க கேட்டா குடுக்கணும்" என்று மாமியார் அதட்டினார். இந்த வயதில் இதெல்லாம் சொல்லிக் குழந்தையைப் பயமுறுத்துகிறோமோ? மூத்தவன் பையன், அவனைப் பற்றிக் கவலையில்லை.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மகள் செய்தது சரி. பிடிக்காத முத்தத்துக்காக அதட்டு வாங்கிய குழந்தை, நாளைக்கு யாராவது தப்பாகத் தொட்டால் எந்தத் தைரியத்தில் "வேண்டாம்" என்று சொல்லும்? அடுத்த முறை "வணக்கம் சொல்லிட்டா, போதும்" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

பயமுறுத்தவே வேண்டாம். குளிப்பாட்டும்போது பேசலாம். ஜட்டி இல்லாமல் ஓடும் குழந்தையைப் பார்த்து "ஷேம் ஷேம்" என்று சிரிக்கிறோம். சில வீடுகளில் அந்த இடத்துக்கே 'ஷேம்' என்றுதான் பெயர். அங்கே ஒருவன் கை வைத்தால், அதை எந்த வாயால் வந்து சொல்வாள்? கை, கால் மாதிரி அதற்கும் ஒரு பெயர் சொல்லிக்கொடுங்கள். சோப்பை அவள் கையில் கொடுத்து, "இங்கே நீயே தேய்ச்சுக்கோ. டாக்டர் பார்த்தாலும் அம்மா பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லுங்கள்.

தப்பான தொடுதல் எப்போதும் வலிப்பதில்லை. கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டாகக்கூடத் தொடங்கும். அதனால், "அம்மாகிட்ட சொல்லாதேன்னு யார் சொன்னாலும், அதை உடனே அம்மாகிட்ட சொல்லணும்" என்பதை அவள் மனதில் பதிய வையுங்கள். பிள்ளை பிடிக்கிறவனைக் காட்டியே நாம் வளர்க்கிறோம். ஆனால் குழந்தைகள் மீதான கொடுமைகள் பற்றி 2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், தப்பு செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

அவள் ஏதாவது சொன்னால் "நீ ஏன் அங்கே போனே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம்புங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், முடிந்தவரை பெண் போலீஸ் அதிகாரிதான் வாங்க வேண்டும். பெயர் வெளியே வரக் கூடாது.

அப்புறம், மூத்தவன். அதே ஆய்வில் பாதிக்கப்பட்டதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கும் சற்று மேல் ஆண் பிள்ளைகள். போக்சோ அவர்களுக்கும் சேர்த்துத்தான். "பையன்தானே" என்று நாம் கேட்காமல் விடுவதால் அவர்களும் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். இன்று ராத்திரி அவன் பக்கத்திலும் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டு பேசுங்கள்.

அன்புடன்,
அக்கா