பதின்வயதுப் பிள்ளையும் கைப்பேசியும்: உளவளத்துணை ஆசிரியை பதில் அளிக்கிறார்

ஹட்டன், தாய்: டீச்சர், தரம் 9 படிக்கும் மகள் படம் போட்டுவிட்டு லைக்கை எண்ணிக்கொண்டிருக்கிறாள். முகம் கறுப்பு என்று அழுகிறாள். சோறு இறங்குவதில்லை.

அம்மா, ஃபில்டர் வெளுப்பாக்கி மூக்கைச் சிறுக்கவைத்த முகங்களோடு அவள் தன் முகத்தை ஒப்பிடுகிறாள். உடலைப் பற்றி மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டகிராம் அந்த நோவைக் கூட்டியதாகச் சொன்னார்கள். 2021இல் அம்பலமான அந்நிறுவனத்தின் சொந்த ஆய்வு சொல்வது இது. மகளோடு உட்கார்ந்து, ஒரே படத்தை ஃபில்டரோடும் இல்லாமலும் எடுத்துப் பாருங்கள். வீட்டில் செல்லமாகக்கூட ‘கறுப்பி’ என்று யாரும் கூப்பிட வேண்டாம். முதல் கீறல் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது. அழுகிறாள் என்பதற்காகப் போனைப் பறிக்காதீர்கள். அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் அழுவாள்.

பண்டாரவளை, தந்தை: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கலாம்?

சமூக ஊடகத்தில் மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளின் அபாயம் இரட்டிப்பாகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023இல் எச்சரித்தார். நான் அதைவிட இரவைப் பார்க்கிறேன். போன் படுக்கைக்குப் போகக் கூடாது, உங்களுடையதும்தான்.

தலவாக்கலை, தாய்: எத்தனை மணி நேரம் கொடுக்கலாம்?

மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

பதுளை, தந்தை: ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகத்துக்குத் தடையே போட்டுவிட்டார்கள். பறித்துவிடுவதுதான் வழி.

மஸ்கெலியா, உயர்தர மாணவி: பறித்தால் நாங்கள் எங்கே போவது? அம்மா குவைத்தில். அவரோடு பேசுவதும் பாடக்குறிப்பு வாங்குவதும் அதில்தான்.

பதுளை, தந்தை: நாங்கள் போன் இல்லாமல் படிக்கவில்லையா?

ஐயா, 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் நிறுவனங்களுக்குத்தான் அபராதம் போடுகிறது. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல. வட்ஸ்அப் அதில் அடங்கவும் இல்லை. நீங்கள் படித்த காலத்தில் ஒரு பெண்ணைப் பற்றிய அவதூறு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையோடு நின்றது. இன்று ஒரு ஸ்கிரீன்ஷாட், தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிவதற்குள் தோட்டம் முழுவதும் போய்விடுகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் தனியாக அழக்கூட இடமில்லாத பிள்ளைக்கு அந்தப் போன்தான் ஒதுங்கும் மூலை, காயப்படுவதும் அங்கேதான். ஆகவே மகளே, உன் பக்கமும் முழு நியாயம் இல்லை. அம்மாவோடு பேசு, குறிப்பை எடு. நள்ளிரவு டிக்டொக்குக்கு அவை சாக்கு ஆகாது.

கொட்டகலை, தந்தை: எத்தனை மணி நேரம்...

மூன்றாவது முறை கேட்கிறீர்கள். இரவில் வேண்டாம்.

பெயர் வேண்டாம், வயது 15: என் முகத்தை வேறு உடலில் ஒட்டி, பணம் கேட்டு மிரட்டுகிறான். அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்.

மகளே, உன்மீது தவறு இல்லை. பணம் அனுப்பாதே. எதையும் அழிக்காமல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அவனைத் தடை செய். 1929ஐ அழை, அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். மனம் தாங்கவில்லை என்றால் மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரத்திலும். அப்பாவிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். நம்பும் ஆசிரியரையோ சித்தியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல். இதைப் படிக்கும் அப்பாக்களே, சொல்ல வந்த அன்று போனைப் பறிக்காதீர்கள், பள்ளியையும் நிறுத்தாதீர்கள்.