யார் பக்கம் நியாயம்?

கேள்வி: 2011-இல் வெளியான ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் பேரரசுக்கும் ஸ்டார்ம்க்ளோக் கிளர்ச்சியாளர்களுக்கும் நடக்கும் போரில் நியாயம் யார் பக்கம்? நண்பர்களுக்குள் வாக்குவாதம் ஓயவில்லை.

பதில்: நார்டு இனத்தாரின் தெய்வமான தாலோஸின் வழிபாட்டைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டது பேரரசு, கைதிகள் பட்டியலில் பெயரே இல்லாத நம்மையும் (விளையாடுபவரையும்) ஹெல்கன் என்ற ஊரில் தலைவெட்டும் கட்டைக்கு அனுப்புகிறாள் அதன் படைத்தலைவி. அந்த ஆத்திரத்தில் கிளர்ச்சித் தலைவர் உல்ஃப்ரிக்கின் பக்கம் சாய்ந்தவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால், அவருடைய விண்ட்ஹெல்ம் நகருக்குள் நுழைந்ததுமே, டார்க் எல்ஃப் இனப் பெண்ணொருத்தியை இரண்டு நார்டுகள் உளவாளி என்று மிரட்டுவதைக் காண்கிறோம். அவளுடைய இனத்தார் ஒரு பாழடைந்த குடியிருப்பில் ஒடுங்கிக் கிடக்க, பல்லியுருவ இனத்தாரான ஆர்கோனியர்களோ மதிலுக்கு வெளியே துறைமுகத்தில்தான் தங்கவேண்டும். தம் தெய்வத்தை வணங்கும் உரிமைக்காக வாளெடுத்தவர், தம் நகரில் உழைப்பவர்களுக்குக் குடியிருக்கும் உரிமையை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே, மனக்கசப்போடுதான் என்றாலும், நான் பேரரசின் பக்கமே நிற்பேன்.